ராஜகிரிக்கு மேலே ஒரு விமானம்

செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிரே, என் வாடகை சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறார் கடைக்கார பாய். ராஜகிரிக் கோட்டைக்கு மேலே ஒரு விமானம் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகிறது. அவர் டியூபைக் கீழே வைக்கிறார். கையைக் கழுவி, உள்ளங்கைகளை ஏந்தி துவா ஓதுகிறார்.

“யாருக்கு பாய்?”

“பையனுக்கு சார். பாலைவனத்துல ஒரு சின்ன ஏர்போர்ட்டுல மூட்ட ஏத்துற வேல. மவுத்தாயிட்டான், அங்கியே அடக்கம் பண்ணிட்டாங்க. வெள்ளிக்கிழம அங்கேர்ந்து ஏதோ குட்டித் தீவுக்குப் போற பிளேனு நம்மூரு மேலதான் போவுதுன்னு லெட்டர் போட்டிருந்தான்.”

இன்று செவ்வாய்க்கிழமை. தயங்கித் தயங்கி அதைச் சொல்கிறேன்.

“தெரியும் சார். நாள மாத்திட்டாங்கன்னா, இனிமே எனக்கு யாரு லெட்டர் போடப் போறாங்க?”