வெள்ளிக்கிழமைத் தேதி

ராணுவ ஆட்சியில் நீதிமன்றங்கள் எப்படி நடக்கின்றன என்பதைப் பத்து வருடமாக ஆராய்ந்து வந்தவள் அக்கனேட்டா. இப்போது அவளுடைய தம்பியையே ராணுவத்தார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவனை விடுவிக்கக் கோரும் மனுவோடு தலைநகர் சுவாவில் நீதிமன்ற அலுவலகத்துக்குப் போனாள்.

குமாஸ்தா எமோசியின் தீவுக்காரர்களும் அவள் தீவுக்காரர்களும் ஒருவரையொருவர் எப்படி வேண்டுமானாலும் கேலி செய்யலாம், அது முறை. "வாடி, நண்டு திருடி!" என்றுதான் எப்போதும் கூப்பிடுவான்.

இன்று எழுந்து நின்றான். "வாங்கம்மா."

"என்னடா, உன் வாய்க்கு என்ன ஆச்சு?"

அவன் மனுவை வாங்கி அதில் நாற்பத்தொன்று என்று எண் போட்டான். பிறகு மேசை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். நாற்பத்தொன்றாம் வழக்கு முடிக்கப்பட்டது என்று அதில் அச்சாகியிருந்தது. கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருந்தன.

"மனுவை இன்னும் யாரும் படிக்கவே இல்லையே!"

"எல்லாம் சட்டப்படிதாம்மா. வாங்கிக்கிட்டதா கையெழுத்துப் போடுங்க."

தாளில் வெள்ளிக்கிழமைத் தேதி இருந்தது. தம்பியைப் பிடித்ததோ அதற்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை.

அக்கனேட்டா கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே, "மனு கொடுத்தது செவ்வாய், காலை பத்தே கால்" என்று நிதானமாக எழுதினாள்.

எமோசி அதை அழிக்கச் சொல்லவில்லை. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த கதவையே, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.