முறைவைத்து வளர்த்த பிள்ளை

மாலை நாலேகால் மணிக்கு என் முறை வந்தது; பிள்ளையைக் காணவில்லை.

கொழும்பில் என்னோடு படிப்பித்த உங்களுக்கு இதை விளக்க வேண்டும். அங்கே படிப்பித்துவிட்டு வந்த எனக்கு, தூத்துக்குடியில் மறுபடியும் ஆசிரியப் பயிற்சி. பாதி வயதுப் பெண்களோடு ஒரே பெஞ்சு. அவர்களுக்கு நான் 'அக்கா'. கல்விக் கொள்கைகளை மூன்று பேர் குழுவாகப் படிக்க வேண்டுமாம். ஆளுக்கொன்றைக் கற்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். மார்க் மூவருக்கும் ஒன்றே. கடற்கரைத் தெரு ரோஸ்லினுக்கு இயற்கைக் கொள்கை. கடைக்காரர் மகள் செல்வக்கனிக்குக் கருத்துக் கொள்கை. எனக்குச் செய்து கற்கச் சொல்லும் பயனளவைக் கொள்கை. புத்தகம் அலுத்துப்போய், மூன்றையும் என் எட்டு வயது மகள் வதனிமேல் முறைவைத்துச் சோதிக்கலாம் என்றாள் ரோஸ்லின். மார்க் ஆசையில் நானும் தலையாட்டினேன்.

எங்கள் வீட்டில் முதல் முறை செல்வக்கனிக்கு. உண்மை, நன்மை, அழகு என்று அவள் தொடங்கியதும் வதனி கொட்டாவி விட்டாள்.

"ஏளா, போதும். இனி என் முறை," என்றாள் ரோஸ்லின். "பிள்ளைய அவ இஷ்டத்துக்கு விடணும். எங்க, ஏன்னு கேக்கப்படாது."

"கண்டிக்காம விட்டா வெளங்கினாப்லதான்!" என்றாள் செல்வக்கனி.

"நீ அழகப் பத்திச் சொன்னதுல பிள்ளை ஒறங்கப் பாத்தா!"

இருவரும் மல்லுக்கு நிற்க, நான் நடுவராக இருந்து ரசித்தேன். கொழும்பு மாடி வீட்டில் வதனி படியிறங்கவே என்னைக் கேட்க வேண்டும். இங்கே வாசற்கதவைச் சாத்தினால், உடம்புக்கு என்ன என்று தெருவே விசாரிக்க வருகிறது. அன்றும் கதவு திறந்தே கிடந்தது.

"பிள்ளையக் கண்டீங்களா?" என்றேன்.

"நான் பாக்கப்படாதுல்லா அக்கா, கொள்கை அப்படி," என்றாள் ரோஸ்லின்.

"என் முறைதான் அப்பவே முடிஞ்சிட்டே," என்றாள் செல்வக்கனி.

எங்கள் ஏற்பாட்டில் ஒவ்வொரு கொள்கைக்கும் ஓர் ஆள் இருந்தது. பிள்ளைக்குத்தான் ஆள் இல்லை.

தெரு முடிந்தால் கடல். மூவரும் ஓடினோம். எதிரே வந்த பெண்ணிடம் கேட்டேன்.

"எந்த வீட்டுப் பிள்ளை?" என்றாள்.

கொழும்பில் எங்களை இந்தியாக்காரர் என்றார்கள்; இங்கே என்னவென்று சொல்வது?

"சிலோன்காரம்மா வீட்டுப் பிள்ளை," என்றாள் செல்வக்கனி.

அப்போது கரைவலை இழுத்தவர்களின் கூட்டத்திலிருந்து வதனி வந்தாள். பாவாடையெல்லாம் ஈரம், மடியில் சாளை மீன்.

"கயிறு இழுத்தவிய எல்லாருக்கும் குடுத்தாவம்மா," என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். "ஏன் அழுவுதிய? நம்ம ஊர்ல நான் எப்பிடிம்மா தொலைவேன்?"