அக்கி எழுதிய முகம்

நான் சிரித்தால் என் முகத்தில் பாதிதான் சிரிக்கும். காரணம் என் நாத்தனார்; எங்கள் பக்கத்துப் பேச்சில் நங்கையா. விதி, கிரகம் என்று பூசி மெழுக எனக்கு இஷ்டமில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் என் வலது காதுக்குள் எரிச்சலோடு கொப்புளங்கள் கிளம்பின. ஆட்டையாம்பட்டியிலிருந்து சேலத்துக்கு பஸ் ஏறலாமென்று செருப்பு மாட்டினேன். அடுத்த வீட்டிலிருக்கும் நாத்தனார் வாசலிலேயே மறித்தாள்.

"அக்கிக்கு ஊசி போட்டா உள்ள எறங்கிரும் அம்மிணி. எழுதிப்போட்டாச் சரியாப் போயிரும்."

பானை செய்பவரை அவளே அழைத்து வந்தாள். அவர் காவிமண்ணைக் கரைத்துக் கோழி இறகால் காதைச் சுற்றிப் பூசி, கன்னத்தில் ஒரு சிங்கம் வரைந்தார். குளிக்காதே, உப்பு சேர்க்காதே, மாத்திரையைத் தொடாதே என்று நாத்தனார் காவல் இருந்தாள். ஒரு காலையில் குடித்த காப்பி வாயோரம் வழிந்து சேலையில் கொட்டியது. வலது கண் மூடவில்லை.

ஆஸ்பத்திரியில் வைரஸுக்கு மாத்திரையும் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். "அக்கி முகத்து நரம்பப் புடிச்சிருச்சு. கொப்புளம் வந்த உடனே வந்திருந்தா நல்லாத் தேறியிருக்கலாம்" என்றார் டாக்டர். கண்ணாடி முன் உட்கார்ந்து புருவத்தைத் தூக்கிப் பழகினேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, இமையை பிளாஸ்டரால் ஒட்டிக்கொண்டு தூங்கினேன். பாதிதான் திரும்பியது. நாத்தனாரோ, "சிங்கத்தோட வாலு கோணிப்போச்சுங்க, அதான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அவளுக்கும் வரட்டும் என்று தினமும் வேண்டினேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன மாதம் வந்தேவிட்டது. நெற்றியில் ஒரு பக்கமாகக் கொப்புளங்கள். மூக்கு நுனியிலும் ஒன்று. மூக்கு நுனியில் வந்தால் கண்ணுக்கு ஆபத்து என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். அவள் வீட்டில் காவி கரைத்துக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா இருந்தாலே போதும். உள்ளுக்குள் எனக்குக் குதூகலமாகத்தான் இருந்தது.

கிண்ணத்தைப் பிடுங்கி வாசலில் கொட்டினேன். "கெளம்புங்க நங்கையா, ஆஸ்பத்திரிக்கு."

"எம்மேல இத்தன பாசமா அம்மிணி?" என்று அழுதாள்.

பாசமாம்!

அன்றே மாத்திரை தொடங்கினார்கள்; கண் டாக்டரும் பார்த்தார். கண் தப்பியது. நெற்றி எரிச்சல்தான் போகவில்லை. சீப்பு பட்டாலே துடிக்கிறாள், நரம்பு வலிக்கு மாத்திரை விழுங்குகிறாள்.

தினமும் காலையில் அவள் எதிரில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறேன். வாயோரம் வழிவதைத் துடைப்பதில்லை. அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

"நிமிந்து பாருங்க நங்கையா" என்பேன். "அதுக்குத்தான அந்தக் கண்ணக் காப்பாத்துனேன்."