அம்மாவின் மூக்கு யாருக்கு வந்தது

எங்கள் வீட்டில் அடுத்துச் சாக வேண்டியவள் அக்கா. இதை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. அம்மா நாற்பத்து மூன்று வயதில் மார்பகப் புற்றுநோயில் போனாள். அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, அதே நோயில் நாற்பத்தாறில் போனாள். நடுவில் புடைத்து, நுனியில் மேலே தூக்கிய ஒரே மூக்கு இருவருக்கும். அது அப்படியே அக்காவுக்கு வந்திருந்தது. எனக்கோ அப்பாவின் சப்பை மூக்கு. அம்மா போன அன்று அக்காவுக்குப் பதினாறு, எனக்குப் பதினாலு. அப்பா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, அக்காவை மட்டும் கட்டிக்கொண்டு அழுதார்.

அக்கா அந்த அழுகையை வீணாக்கவில்லை. ஜன்னலோரக் கட்டில் அவளுடையதாயிற்று. பாத்திரம் தேய்ப்பது என் தலையில் விழுந்தது. என் புதுத் துணியை முதலில் அவள்தான் உடுத்துவாள். "இன்னும் எத்தனை நாளைக்குடி, கொஞ்சம் விட்டுக் கொடேன்" என்பாள். அந்த எத்தனை நாள் இருபத்தெட்டு வருடம் ஓடியது. வருடம் தவறாமல் ஸ்கேன் எடுக்கப் போவாள். ஒன்றுமில்லை என்று வந்தால் முகம் தொங்கிவிடும். "மெஷின் பழசு, அதுக்கு என்ன தெரியும்" என்பாள். நான் ஒரு முறைகூட ஸ்கேன் எடுத்ததில்லை. சப்பை மூக்குக்காரிக்கு எதற்கு?

அக்காவுக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். ஃபிரேமை முகத்தில் பொருத்தி, காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்து, மூக்கில் உட்காரும் பட்டையை நெருக்கியோ விரித்தோ சரிசெய்வாள். வாடிக்கையாளரின் கண்ணைப் பார்க்கவே மாட்டாள், மூக்கோடுதான் பேச்சு. மிடுக்காக வந்த ஒரு வங்கி மேனேஜரிடம், "சார், உங்க மூக்கை நம்பி எதையும் வைக்க முடியாது, காதைத்தான் நம்பணும்" என்று சொல்லி, அவருக்கே இரண்டு ஜோடி விற்றவள். கடையில் ஓய்வூதியத் திட்டத்தில் சேரச் சொன்னபோது, "அறுபது வயசுல வந்து வாங்கிக்க யார் இருப்பா?" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

திருப்பிக் கொடுத்தது படிவத்தை மட்டுமல்ல. பின் அறையில் லென்ஸ் தேய்ப்பவர் ஒருவர் இருந்தார், நல்ல மனிதர். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். "உங்களை ரெண்டே வருஷத்துல வேற பொண்ணு தேட வைக்கிறது பாவம்" என்று இவள் சொல்லிவிட்டாள். அவர் மூன்று வருடம் காத்திருந்து பார்த்துவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். இப்போது தன் இரண்டு பிள்ளைகளையும் கண்ணாடி போட அவளிடம்தான் கூட்டிவருகிறார். அந்தச் சின்ன மூக்குகளில் ஃபிரேமை வைக்கும்போது மட்டும் அக்காவின் வாய் மூடியிருக்கும்.

நாற்பத்து மூன்று தாண்டி நாற்பத்து நாலு பிறந்ததும் அவளுக்கு ஒரே கூச்சம். சாப்பிட்டு முடித்தும் எழுந்து போகாத விருந்தாளி மாதிரி நெளிந்தாள். அந்த நேரத்தில்தான் சித்தி மகளுக்கும் நோய் வந்தது. அவளுடைய ரத்தத்தைச் சோதித்த மருத்துவமனை, இது பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு, ரத்த சொந்தங்கள் வந்து பரிசோதித்துக்கொள்ளலாம் என்று கடிதம் கொடுத்தது. அக்கா கடிதத்தைப் படித்துவிட்டு, "வந்துடுச்சு பார்" என்றாள். ரயில் வந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

துணைக்கு நானும் போனேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அன்றைக்கு வர வேண்டிய இரண்டு பேரிடம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனேன். மரபணு ஆலோசகர் அறையில் ஒரு மேஜை, நாலு நாற்காலி, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டிஷ்யூ பெட்டி. ஆலோசகர் அமைதியான இளம்பெண். ஒரு தாளில் ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமும் போட்டு எங்கள் குடும்பத்தை வரைந்தாள். இறந்தவர்கள் மேல் குறுக்கே ஒரு கோடு.

"எங்க அம்மாவை இப்படி ஒரே கோட்டுல அடிச்சிட்டீங்களே" என்றாள் அக்கா.

"மன்னிச்சுக்கோங்க, எல்லாரையும் அப்படித்தான் வரையணும். ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துக்கிறீங்களா?"

"எனக்கு எதுக்கு? நான் அப்பா ஜாடை" என்றேன் நான்.

எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகியவள் போல ஆலோசகர் புன்னகைத்தாள். "ஜாடை வேற, இது வேற. மூக்கு வந்தா கூடவே இதுவும் வரும்னு கிடையாது. உங்க ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரெண்டு பேருக்கும் இருக்கலாம், ரெண்டு பேருக்குமே இல்லாமலும் இருக்கலாம்."

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். படித்த பிள்ளை, அனுபவம் போதாது என்று அர்த்தம். ஆனால் ஊசியைப் பார்த்ததும் சாவுக்கே பயப்படாத அந்த வீராங்கனைக்கு வேர்த்துவிட்டது. "நீ முதல்ல குத்திக்கோடி, நான் பார்த்துட்டு வரேன்" என்றாள். அவளுக்குத் தைரியம் சொல்லத்தான் நான் கையை நீட்டினேன். வேறு எந்தக் காரணமும் இல்லை.

நாலு வாரம் கழித்து அதே அறை. தனித்தனியாகச் சொல்லட்டுமா என்று ஆலோசகர் கேட்டாள். "ஒண்ணாவே சொல்லுங்க, இவளுக்கு என்ன ரகசியம்" என்றாள் அக்கா.

"அக்காவுக்கு இல்லை. தங்கைக்கு இருக்கு."

அக்கா எழுந்தே விட்டாள்.

"மாத்திட்டீங்க. ரெண்டு குப்பியையும் மாத்திட்டீங்க. என் மூஞ்சியைப் பாருங்க. எங்கம்மா போட்டோ கொண்டு வந்திருக்கேன், இதையும் பாருங்க. எவ்வளவு படிச்சு என்ன, ஒரு மூக்கைப் பார்க்கத் தெரியல!" வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். ஆலோசகர் கோபப்படவில்லை. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மறுபடியும் அதே பதில்தான்.

அடுத்துச் சாக வேண்டியவள் நான் என்று ஆயிற்று. வருடா வருடம் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கலாம், அல்லது நோய் வருமுன்னே இரண்டு மார்பையும் எடுத்துவிடலாம், முடிவு உங்களுடையது என்றார்கள். அறுவை மருத்துவர் பொய் சொல்லாத மனிதர். ஆபத்து பெருமளவு குறையும், ஆனால் பூஜ்யம் ஆகாது என்றார். சிலருக்கு ரத்தம் கட்டும், சிலருக்குப் புண் ஆற நாளாகும், சிலரைத் திரும்பவும் ஆபரேஷன் தியேட்டருக்கு எடுத்துப் போக வேண்டிவரும் என்றார்.

"நான் எந்தச் சிலர்ல வருவேன்?" என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சா நான் டாக்டர் வேலை பார்க்க மாட்டேன்மா" என்றார்.

பயந்தேன். பிரேக் எது என்று மறந்துபோன புதுசுகளோடு பதினெட்டு வருடம் உட்கார்ந்தவள் அந்த வாரம் முழுக்க இரவும் பகலும் பயந்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

நான் எந்தச் சிலரிலும் வரவில்லை. பக்கத்துக்கு ஒன்றாக ரப்பர் குழாய் தொங்கவிட்டு, அதில் வடிகிற நீரை அளந்து எழுதச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்தாம் நாள் மருத்துவர் கூப்பிட்டு, எடுத்த சதையைச் சோதித்ததில் இடது பக்கம் கடுகளவு புற்றுநோய் இருந்தது, இன்னும் எங்கும் பரவவில்லை என்றார். இதற்கு மேல் மருந்தும் தேவைப்படாது. "ஒரு வருஷம் விட்டிருந்தா நாம வேற மாதிரி பேசிட்டு இருந்திருப்போம்" என்றார்.

என்னைப் பார்த்துக்கொள்ள அக்கா வந்து தங்கியிருந்தாள். அவள் பார்த்துக்கொண்ட லட்சணம் சொல்லி மாளாது. இரண்டு கண்ணாடித் தம்ளர் உடைந்தது, ஒரு தோசைக்கல் கருகியது, என் கணவர் மூன்று நாள் வெளியே சாப்பிட்டார். ஆனால் குழாய் நீரை மட்டும் லென்ஸ் அளப்பது போலக் குனிந்து அளந்து, ஒரு சொட்டு பிசகாமல் எழுதினாள்.

மருத்துவர் கூப்பிட்டுச் சொன்ன அன்று சாயங்காலம், எனக்குக் கை தூக்க முடியாததால் அவள்தான் என் தலையை வாரிக்கொண்டிருந்தாள். முகம் தெரியாததால் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், திட்டாதே. இத்தனை வருஷமும் உனக்குத்தான்னு நெனச்சு நான் நிம்மதியா இருந்தேன். நல்லவேளை நான் இல்லைன்னு இருந்தேன்."

சீப்பு நிற்கவில்லை. "தெரியும்டி. தெரிஞ்சுதான் உன்னைப் போட்டு வதைச்சேன்."

கொஞ்ச நேரம் வாரினாள். பிறகு சீப்பு நின்றது.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு எனக்கு இல்லைன்னு சொன்னா பாரு, உனக்கு இருக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி. அந்த ஒரு நொடி எனக்கும் அப்பாடான்னு இருந்துச்சுடி. அதுக்கப்புறம்தான் உன் பேச்சு வந்தது. அதான் அப்படிக் கத்தினேன்."

என் உச்சந்தலையில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது. இருபத்தெட்டு வருட நிம்மதிக்கு நான் ஒரு சொட்டு அழுததில்லை. அவள் ஒரு நொடிக்காக அழுதுகொண்டிருந்தாள்.