சாப்பிடாமல் வந்த கவிகாரிகள்

சீனி வருத்தக் கிளினிக்கில் இலக்கம் எடுத்துவிட்டு உம்மாவுடன் காத்திருந்த காலையில்தான் அந்த யோசனை பொறி தட்டியது. டொக்டர் இன்னும் வரவில்லை. பக்கத்து வாங்கில் இருந்த மருதமுனைப் பெண் ஒருவர், யாரையும் பார்க்காமல் மெல்ல நாட்டார் கவி ஒன்றை இழுத்தார்.

“சீனிக் குளிசை தந்த டொக்டர்
சிரிக்கக் குளிசை தரல்லியே!”

வாப்பா மவுத்தாகி, நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்த பிறகும், உம்மா கிளினிக்கைத் தவிர வேறெங்கும் போவதில்லை. வீட்டிலும் தேவைக்கு மட்டுமே பேச்சு. அந்த உம்மா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பதில் கவி போட்டார்.

“சிரிப்புக்கு அவரு குளிசை தந்தா
சோத்துக்கு முன்னா, பின்னா மச்சி?”

வரிசை முழுக்கச் சிரித்தது. உம்மாவும் சிரித்தார். எத்தனை காலத்துக்குப் பிறகு!

நான் சந்தைப்படுத்தல் படித்தவள். கையும் வாயும் சும்மா இருக்காது. ஓட்டோவில் வீடு திரும்புவதற்குள் போனில் அறிவித்தல் தயார்: ‘கலைவழி ஆரோக்கிய முகாம். சீனி, பிரஷர், மனஅழுத்தம் உள்ள பெண்களுக்கு. பொது மண்டபம், காலை ஏழு மணி. இலவசம்.’ கவி என்ற சொல்லே அதில் இல்லை. கவி படிக்க வாருங்கள் என்றால் யார் வருவார்கள்? ஆரோக்கியம் என்றால் ஊரே வரும். அப்படித்தான் எனக்குப் படிப்பித்திருந்தார்கள்.

ஊரே வந்தது. கையில் கிளினிக் கொப்பியோடு, காய்ந்த உதடுகளோடு.

“ரத்தம் எடுக்கிற புள்ள எங்க?” முன்வரிசையில் இருந்த கனத்த குரல் மாமி கேட்டார்.

“ரத்தம் எடுக்கல்ல மாமி. கவி படிக்கப் போறம்.”

“என்னது? ராவையில இருந்து பச்சத்தண்ணி குடிக்காம வந்திரிக்கன். கவி படிக்கவா? நோன்பெண்டாலும் சஹருக்குத் திண்டிரிப்பன்டி!”

உதவிக்கு வந்திருந்த என் சிநேகிதி இடியப்பம் வாங்க ஓடினாள். சாப்பிட்டு முடிந்ததும் மாமியே முதல் கவியை எடுத்தார், என்னைக் கேலி பண்ணி. பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. உம்மா மட்டும் மூலையில் வாய் திறக்காமல் இருந்தார்.

மறுநாள் மண்டபச் செயலாளர் போன் எடுத்தார். “பொம்புளையள் பாடுற சத்தம் றோட்டுக்குக் கேட்டதாம். பாட்டுக் கதைய விடுங்க தங்கச்சி. ஆரோக்கியம், பேச்சு, உடற்பயிற்சி எண்டு நடத்துங்க. ஹோல எப்பவும் தாறன்.”

“பேருக்கு ஓம் எண்டு செல்லு மச்சி,” என்றாள் சிநேகிதி. “உள்ளுக்க மெல்லமாப் பாடுவம்.”

நானும் ஓம் சொல்லத்தான் இருந்தேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த உம்மா நிமிராமலே சொன்னார்: “நான் இனி வரல்ல.”

“ஏன் உம்மா?”

“வந்தவள் எல்லாம் ஒங்கட சீனி எவ்வளவு, ஒங்கட பிரஷர் எவ்வளவு எண்டுதான் கேட்டாள்கள். கிளினிக்கிலயும் அதே கதை, ஒன்ட ஹோல்லயும் அதே கதை. வருத்தக்காரியாக் கூப்பிட்டா வரமாட்டன் மகள். கவிகாரியாக் கூப்பிடு.”

எனக்குச் சுருக்கென்றது. அதே வேகத்தில் செயலாளருக்குப் போன் எடுத்து, “ஹோல் வேணாம் சேர்,” என்றேன்.

கவி நெஞ்சை இலேசாக்கும் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். கண்ணால் கண்டவள் நான். ஆனால் ஒரு பெண் வாய்விட்டுப் பாடுவதற்கு முன் தன் நோயை அனுமதிச் சீட்டாக நீட்ட வேண்டுமென்றால், அந்தச் சீட்டை நான் அச்சடிக்க மாட்டேன். சுகம் வந்தால் வரட்டும். வராவிட்டாலும் கவி கவிதான். றோட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும்; றோட்டின் சத்தமெல்லாம் எங்களுக்குக் கேட்கவில்லையா?

வரும் சனிக்கிழமை மாலை, அசர் தொழுகைக்குப் பிறகு, எங்கள் வீட்டு வளவில் பாய் விரிக்கப் போகிறேன். புதிய அறிவித்தல் இது: ‘பெண்கள் கவிப் போட்டி. வாயாடிகளுக்கு முன்னுரிமை.’ உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

“மைக் வாடகைக்கு எடுப்பமா உம்மா?”

“மைக் என்னத்துக்கு? என்ட தொண்டைக்கு என்ன வந்த?”

போட்டியின் முதல் பெயராக உம்மாவின் பெயரைப் போட்டு, எல்லா வட்ஸ்அப் குழுவுக்கும் இப்போதே அனுப்புகிறேன். செயலாளர் இருக்கிற குழுவுக்கும்.