மகேஸ்வரி அம்மாவின் துவக்கில்லாப் படை

விடியக் காலையில் மாட்டை அவிழ்த்துக்கொண்டு நின்றபோது மருமகள் போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தாள். வவுனியாவிலிருந்து வதனி பேசினாள். "பெருமாள் மாமா, அம்மா போயிட்டா. நித்திரையிலையே போயிட்டா."  மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது.

செத்த வீட்டுக்குப் போனேன். எல்லாம் முடிந்து திரும்புகிற நேரத்தில் வதனி என் கையைப் பிடித்தாள். "மாமா, முப்பத்தொண்டாம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறம். அம்மாவைப் பற்றி நீங்களும் ஒண்டு தரோணும்."

"நான் கைநாட்டுக்காரன். எனக்கு என்னம்மா எழுதத் தெரியும்?"

"எழுதச் சொல்லேல்லை. சொல்லச் சொன்னனான்."

ஆகவே நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன். திருத்துகிறாள் என்றுதான் நினைக்கிறேன்.

மகேஸ்வரி அம்மாவை அறிந்த நீங்கள் எல்லோரும் அவருடைய தையலைப் பற்றிச் சொல்வீர்கள். நெடுங்கேணியில் பாதிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்தவர் அவர். நான் சொல்லப் போவது அதே தையல் மேசையில் நடந்த வேறொரு காரியம். சொல்ல இன்றைக்கும் முகம் கூசுகிறது. நடந்தது அன்றைக்கே ஊருக்கெல்லாம் தெரியும், ஒளிக்க ஒன்றுமில்லை. கூச்சம் மட்டும் போகவில்லை.

யாழ்ப்பாணத்துச் சனம் ஊரோடு கிளம்பி வன்னிக்குள் வந்தபோது அவரும் மகள் வதனியோடும் ஒரு தையல் மெசினோடும் வந்தார். புருஷன் முன்னமே இல்லை. மகன் சுதன் ஜெர்மனியில் இருந்தான். நான் மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்துக்கு ஓடிவந்து, காட்டோரத்தில் காணி வெட்டியவன். என் பேச்சு இன்னும் தோட்டத்துப் பேச்சுத்தான். அவருக்குக் கொட்டில் போட்டுக் கொடுத்தது நான். பழக்கம் அப்படி வந்தது.

அடுத்த வருஷம் சுதன் செத்துப்போனான். பனிக்குள் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது லொறி அடித்துவிட்டது. உடம்பு வரவில்லை, அங்கேயே எரித்தார்கள். அவனோடு ஒரே அறையில் இருந்தவர்கள் அவன் ஆசையாக வைத்திருந்த ஒரு பெட்டியை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட, அது கொழும்புக்கு வந்து, வவுனியாவில் ஒரு புடவைக்கடையில் கிடந்தது. அந்த நேரம் நான் வைத்தியரிடம் கண் காட்டுவதற்கு, ஆமியின் பக்கம் இருந்த வவுனியாவுக்குப் பாஸ் எடுத்திருந்தேன்.

"பெருமாள், வரேக்கை அந்தப் பெட்டியைக் கொண்டு வாரும்," என்றார் அம்மா. "அவன்ரை கை பட்டதெண்டு இனி வரப்போறது அது ஒண்டுதான்."

கடையின் பின்பக்கம் வைத்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே விரல் உயரத்துப் பிளாஸ்டிக் போர்வீரர்கள் அடுக்கடுக்காக நின்றார்கள். உடம்பெல்லாம் ஆமை ஓடு மாதிரிக் கவசம். தலைவன் ஒருவனுக்கு மட்டும் தோள் சிவப்பு. கண்ணுக்கு உள்ளே கறுப்புப் புள்ளி, ஒருவனுக்கு உதட்டுக்கு மேலே மீசை, இவ்வளவையும் அந்தப் பிள்ளை மயிரளவு தூரிகையால் தீட்டியிருந்தான். இன்னும் வராத ஒரு காலத்தில், நட்சத்திரங்களில் நடக்கிற சண்டைக்குரிய படை அது என்று பின்னர்தான் அறிந்தேன். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொருவன் கையிலும் சுடுகுழல் நீட்டிய துவக்கு இருந்தது.

கடையில் துணி வாங்க வந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். "அண்ணை, துவக்கோடை இவ்வளவு பேரைச் சோதனைச் சாவடியாலை கொண்டு போகப் போறீரோ? பொம்மை எண்டு ஆர் கேக்கப் போகினம்?" பகிடிக்குச் சொன்னாரோ என்னவோ, நான் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. மடியில் பாக்குவெட்டி இருந்தது. அதை எடுத்து ஒவ்வொரு துவக்காக நறுக்கினேன். சிலருக்குத் துவக்கும் கையும் ஒன்றாக வார்த்திருந்தது. அவர்களுக்குக் கையும் போயிற்று. நறுக்கியதை அள்ளிக் கடைக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலில் கொட்டினேன்.

சாவடியில் ஓர் இளம் ஆமிக்காரப் பொடியன் பெட்டியைத் திறந்தான். ஒருவனை எடுத்து உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தான். பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு என்னிடம் உடைந்த தமிழில் கேட்டான்: "ஐயா, இவங்க துவக்கு எங்க?"  அவன் அந்த வீரனைப் பழைய இடத்திலேயே படுக்க வைத்து, மூடியையும் பக்குவமாக அழுத்தி என்னிடம் தந்தான். அதற்குப் பிறகு வீடு வரும்வரை எனக்குத் தலை நிமிரவில்லை.

அம்மா ஒவ்வொருவராக எடுத்துத் தையல் மேசையில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவை கையிலை வைச்சிருந்தது எங்கை?"

"வெட்டிட்டேம்மா."

"ஏன்?"

"பயந்துட்டேன்."

"வெட்டினதுகள்?"

"வாய்க்கால்ல போட்டுட்டேம்மா."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கையில்லாத ஒருவனை எடுத்து, வெட்டுப்பட்ட இடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

ஊரில் எனக்குப் 'பாக்குவெட்டித் தளபதி' என்று பேர் வந்தது. ட்ரக்டர் ஓட்டுகிற சின்னராசா வைத்தது. அதை விடுங்கள். நான் மூங்கிலும் ஈர்க்கும் சீவி, பெட்டியில் வந்த புத்தகத்தின் படங்களைப் பார்த்துப் பார்த்து, எல்லோருக்கும் புதுத் துவக்குச் செய்தேன். ஒரு நெருப்புப்பெட்டியில் போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். "வடிவாச் செய்திருக்கிறீர். ஆனா வேண்டாம். அவன்ரை கை படாதது இதிலை ஒட்டவேண்டாம்." நெருப்புப்பெட்டியைத் திரும்ப என் கையில் வைத்தார். பிறகு, பெட்டியின் அடியிலிருந்து பிளாஸ்டிக் சட்டங்களைத் தூக்கினார். சட்டத்தோடு ஒட்டியபடி கால்களும் கொடுக்குகளும் உடம்புகளும் தனித்தனியாகக் கிடந்தன. எதிர்ப்படை அது. வண்டு மாதிரியும் தேள் மாதிரியும் வேற்றுலகப் பூச்சிகள்.

"இதை அவன் துவங்கவே இல்லை. வெட்டத் தெரிஞ்ச உமக்கு ஒட்டவும் தெரியும்தானே. கொண்டுபோம்."

அப்படித்தான் எனக்கு ஒரு படை வந்தது. சவர பிளேட்டால் கழற்றி, சைக்கிள் டியூபுக்குப் பூசுகிற சொலூசனால் ஒட்டினேன். அது பிடிக்காத இடத்தில் விளாம்பிசின். வர்ணத்துக்குச் சைக்கிள் கடையில் மிஞ்சிய பச்சை, துணிக்குப் போடுகிற நீலம், விளக்குக் கரி. அணில் வால்மயிரை நூலால் கட்டித் தூரிகை. முதல் பூச்சிக்குப் பின்னங்காலை முன்னுக்கு ஒட்டிவிட்டேன். மண்வெட்டி பிடித்த கைக்கு அந்தக் கொடுக்குகள் அகப்படவே இல்லை. ஆனாலும் ஒட்டினேன். ஒவ்வொன்றை முடித்துக் கொண்டுபோகும்போதும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். "ம்" என்பார். அவ்வளவுதான்.

படை முடிந்த அன்று அம்மா சொன்னார்: "இரும். விளையாடுவம்."

எனக்கு விளங்கவில்லை.

"அவன் வேலை முடிஞ்சு வந்து ஒவ்வொரு பின்னேரமும் இதைத்தான் செய்தவனாம். என்ன செய்தவன், எப்பிடி இருந்தவன் எண்டு எனக்கு அறியோணும். ஒராள் தனிய விளையாட ஏலாது."

நான் வழக்கம்போல் நிலத்தில் குந்தினேன். "நிலத்திலை இருந்தா மேசை தெரியாது. கதிரையை இழும்," என்றார். யாழ்ப்பாணத்தார் வீட்டில், வீட்டுக்காரருக்கு நேரெதிரே கதிரை போட்டுத் தோட்டத்து ஆளான நான் இருந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் அவருடைய பிள்ளையின் பொருளைப் பாழாக்கிவிட்டு. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தேன்.

விதிப் புத்தகம் ஜெர்மன் பாஷை. அம்மாவுக்கு இங்கிலீசும் வாசிக்கத் தெரியும், ஆனால் ஜெர்மன் ஓடவில்லை. "இந்தப் புத்தகத்துக்கு முன்னாலை நீரும் நானும் ஒண்டுதான் பெருமாள்," என்று சிரிக்காமல் சொன்னார். சுதன் கடிதங்களில் எழுதியது கொஞ்சம் அவருக்கு ஞாபகம் இருந்தது. நாடாவால் அளந்துதான் நகர்த்த வேண்டும். புள்ளி போட்ட கட்டையை உருட்டினால், நாலோ அதற்கு மேலோ விழுந்தால்தான் அடி. பலம் கூடிய ஒருவனுக்குப் பலம் குறைந்த இரண்டு பேர் சமம், இரு பக்கமும் நிறை ஒத்திருக்க வேண்டும். மிச்சத்தைப் படம் பார்த்து நாங்களே வைத்துக்கொண்டோம். தையல் நாடா, கவிழ்த்த தேங்காய்ச் சிரட்டை மலை, நூல்கட்டைக் காடு. மலையைப் பிடித்தவர் வென்றவர்.

முதல் ஆட்டத்திலேயே நான் தடுமாறினேன். "அம்மா, உங்க ஆளுங்ககிட்டதான் துவக்கு இல்லையே, தூரத்திலிருந்து எப்படிச் சுடுறது?"

அம்மா கட்டையைக் குலுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "துவக்கு ஒருநாளும் சுட்டதில்லை பெருமாள். கட்டைதான் சுடுறது." உருட்டினார். ஐந்து விழுந்தது. என் பூச்சி ஒன்று போயிற்று.

பின்னேரங்களில் விளையாடினோம். கதவு திறந்தே இருக்கும், வதனி பக்கத்தில் பொத்தான் தைப்பாள். சந்தியில் சின்னராசா கேட்பான்: "என்ன தளபதி, பூச்சிப்படை இண்டைக்கு எந்தக் கிரகத்தைப் பிடிச்சது? அங்கை நிவாரணம் குடுக்கிறாங்களாமோ?" சனம் சிரிக்கும். எனக்கு அது பெரிய கூச்சம். ஒவ்வொரு கிழமையும் எங்காவது ஒரு வீட்டில் அழுகைக் குரல் கேட்கிற காலத்தில், நரைத்த தலையோடு நான் பொம்மைச் சண்டை போடப் போகிறேன். அதைவிடப் பெரிய கூச்சம், எனக்கு அது பிடித்திருந்தது. வரம்பு கட்டும்போதும் பூச்சிகளை எப்படி வளைத்துக் கொண்டுபோவது என்றுதான் யோசிப்பேன்.

ஆனால் வெல்ல எனக்கு மனம் வரவில்லை. வெட்டியவன் நான். இனி அந்தப் பிள்ளைகளை மேசையிலும் வீழ்த்துவதா? பெரிய பூச்சியை வெட்டவெளியில் விடுவேன். மலைக்குக் கிட்டப் போய்த் திரும்பி வருவேன். அம்மா தொடர்ந்து வென்றார். என் கடன் கழிகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

ஒருநாள் அம்மா நாடாவைச் சுருட்டி வைத்தார்.

"பெரிய பூச்சியை ஏன் வெளியிலை விட்டீர்?"

"தெரியாம விட்டுட்டேம்மா."

"முதல் கிழமையிலை உமக்கு மூளை இருந்தது. இப்ப எங்கை போனது?" குரல் உயரவில்லை. "நீர் எனக்குத் தோத்துத் தோத்து மன்னிப்புக் கேக்கிறீர். இது என்ரை பிள்ளை செய்த படை. நீர் போடுற பிச்சையிலை அது வெல்லவேண்டாம். ஒழுங்கா வெல்லட்டும், இல்லாட்டி ஒழுங்காத் தோக்கட்டும். எழும்பும், வீட்டை போம்."

துவக்கை வெட்டிய அன்றுகூட அப்படி ஒரு வெட்கம் எனக்கு வரவில்லை. அன்றைக்குப் பயத்தில் செய்தேன். இதை இரக்கம் என்று நினைத்துச் செய்தேன். மகனைப் பறிகொடுத்தவருக்கு, நான் தலை நிமிர்வதற்காக, பொய்யாக ஒரு வெற்றியைக் கொடுத்திருக்கிறேன். பல நாள் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு போனேன். வாசலில் நின்று சொன்னேன்: "அம்மா, இன்னைக்கு அடிக்கத்தான் வந்தேன்."

"அப்ப கதிரையை இழும்."

அன்றைக்கு நான் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. பெரிய பூச்சியை நூல்கட்டைக் காட்டுக்குள் ஒளித்துக் கொண்டுபோய்ச் சிவப்புத் தோள் தலைவன்மேல் பாய்ந்தேன். கட்டை ஆறு விழுந்தது.  அம்மா தலைவனைத் தானே எடுத்துப் பக்கத்தில் படுக்க வைத்தார். பிறகு சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வதனி ஊசியோடு எழுந்து வந்துவிட்டாள். "ஐயோ வதனி, இந்தத் தளபதி என்னை அடிச்சுப்போட்டுதடி! சுதன் பார்த்திருக்கோணும்!" அதன்பிறகு அவர் என்னை வென்றதெல்லாம் உண்மையான வெற்றி.

கடைசி ஆட்டம் முடியவில்லை. செல் குண்டு விழுகிற சத்தம் கிட்ட வந்து, சனம் நடக்கத் தொடங்கிவிட்டது. சின்னராசா ட்ரக்டரை வாசலில் நிறுத்திக் கத்தினான்: "எணேய் அம்மா, கிரகத்தை விட்டிட்டு வாணை! இந்த உலகம் இடம்பெயருது!" அம்மா எழும்பினார். நான் எழும்பவில்லை. ஊர் ஓடுகிற நேரத்தில் நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தோற்காமல் தப்ப வழி இருக்கிறதா என்று. இதையும் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

"பார்த்து வையும் பெருமாள்," என்றார் அம்மா. "ஆர் எங்கை நிக்கினம் எண்டு. பிறகு இதிலையிருந்து துவங்குவம்." நான் பார்த்தேன். அவர் எல்லோரையும் அள்ளிப் பெட்டியில் போட்டார்.

பெட்டி போய்ச் சேரவில்லை. ட்ரக்டரின் பின்பெட்டியில், சாமானுக்கு மேல் கட்டியது, இருட்டில் காட்டுப் பாதையில் எங்கோ விழுந்துவிட்டது. திரும்பித் தேடப் போக விடவில்லை. அம்மா நெடுநாள் அதைப்பற்றிப் பேசவில்லை. வேறு எதையாவது வைத்து விளையாடுவோம் என்று ஒருமுறை கேட்டேன், வேண்டாம் என்றார். பிறகு, அவர் வவுனியாவில் போய்க் குடியிருந்தபோது, பார்க்கப் போகும்போதெல்லாம் தேத்தண்ணி தந்துவிட்டுக் கேட்பார்: "எங்கை நிக்குது?"

நான் சொல்வேன். சிவப்புத் தோள் தலைவன் சிரட்டை மலைக்கு இடப்பக்கம். அவனுக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் நிற்பவனுக்கு வலக்கை இல்லை. மீசைக்காரன் மலை உச்சிக்கு ஒரு விரல் கீழே. என் பெரிய பூச்சி நூல்கட்டைக்குள் மறிபட்டு நிற்கிறது. சின்னப் பூச்சிகள் இரண்டும் மேசை விளிம்பில்.

"ஆரின்ரை முறை?"

"உங்க முறைம்மா. நாலு விழுந்தா வென்றுருவீங்க."

"விட்டுத் தரேல்லையே?"

"இல்லம்மா. தப்புறதுக்கு இன்னும் வழி தேடுறேன்."

கடைசியாகப் பார்த்தபோதும் இதைத்தான் கேட்டார், இதற்குத்தான் சிரித்தார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த மேசைதான். சுதன் இரவிரவாகத் தீட்டிய படையில் இன்றைக்கு மிஞ்சியது, அதை வெட்டியவனின் தலைக்குள் நிற்கிறது. நினைக்க வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவனையும் நான் அசைக்கவில்லை. எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். அம்மாவின் முறை.