சந்தனத்துக்கு அடியில் இருந்த சிங்கம்

எனக்குப் பழைய பயனெட் சேர்க்கும் பைத்தியம் உண்டு. துப்பாக்கி முனையில் மாட்டுவார்களே, அந்தக் கத்தி. பிழைப்பு என்னவோ பனியன் கம்பெனியில் துணி செக்கிங். காலையிலிருந்து விளக்கு மேசையில் துணியை ஓடவிட்டு ஓட்டை, எண்ணெய்க் கறை என்று குறை பிடிக்கிற வேலை. அந்தப் புத்தி கத்தி விஷயத்திலும் விடாது. யாராவது "ராஜா காலத்து வாளுங்க" என்று பெருமையாக நீட்டினால், திருப்பிப் பார்த்துவிட்டு, "பிரெஞ்சுக்காரன் துப்பாக்கிக் கத்திங்க இது, வாளாம் வாள்!" என்று சொல்லிவிடுவேன். அவர்கள் முகம் சுண்டிப்போகும். எனக்கென்ன? பொய்ச் சரித்திரம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் கட்டிங் மாஸ்டர் மண்ணரையிலிருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவருடைய அம்மாவிடம் ஒரு பயனெட் இருந்தது. அம்மாவின் அப்பா இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பர்மா சண்டையில் செத்தவர். மகள் கைக்குழந்தையாக இருக்கும்போது பட்டாளத்துக்குப் போனவர் திரும்பவேயில்லை. கூட இருந்த சிப்பாய் ஒருவர் பிற்பாடு அந்தக் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தாராம்.

"போட்டோகூட இல்லீங்க. அப்புச்சி மொகம் எங்க ஆருக்குமே தெரியாது. இந்தக் கத்திதானுங்க அவரு" என்றார் மாஸ்டர். "அம்மாளுக்கு ஒடம்பு முடியறதில்லை. தனக்கப்புறம் இதைப் பழைய இரும்புக்குப் போட்டுருவோமோன்னு ஒரே பயம். நீங்க பாத்து இன்ன வருசத்துதுன்னு சொன்னீங்கன்னா கண்ணாடிப் பெட்டி செஞ்சு வெச்சுருவனுங்க."

முருகன் படத்துக்குக் கீழே சிவப்புத் துணியில் கிடந்தது. கைப்பிடியை ஒட்டிய இடத்தில் அலகே தெரியவில்லை. சந்தனமும் குங்குமமும் அடை அடையாக இறுகிப்போயிருந்தன. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பழைய பொட்டைத் துடைக்காமல் அதன் மேலேயே புதுப் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

"எங்கப்பாரு கை பட்ட எடமுங்க கண்ணு. கழுவ மனசு வருலீங்க" என்றார் அந்த அம்மா. எண்பது தாண்டியவர், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "இதப் பாத்துப்போட்டுத்தான் எங்கம்மா தாலியக் கழட்டுனா."

முத்திரை அந்த அடைக்கு அடியில்தான் இருக்கும், துடைத்தால்தான் வருஷம் சொல்ல முடியும் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "நீங்க வெவரம் தெரிஞ்சவிய. பாத்துச் செய்யுங்க" என்றார்.

மெஷின் எண்ணெய் விட்டு ஊறவைத்து, பனியன் வேஸ்ட் துணியால் மெல்லத் தேய்த்தேன். சிவப்பும் மஞ்சளுமாகப் பெயர்ந்து வந்தது. துணி பார்க்கிற லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். பர்மா சண்டைக் காலத்து இந்தியக் கத்தி என்றால் அங்கே வெள்ளைக்கார ராஜாவின் கிரீடம் இருக்க வேண்டும். இருந்தது சிங்கம். நம் ரூபாய் நோட்டில் இருக்கிற அதே சிங்கங்கள். சில சமயம் பழைய கத்தியில் கிரீடத்தை ராவிவிட்டுச் சிங்கத்தைக் குத்துவதும் உண்டு. ராவிய தடம் இருக்கக் கூடாதா என்று அலகை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். இல்லை.

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்தான். ஆனால் அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சுதந்திரம் வந்தப்புறம் செஞ்ச கத்திங்க, ஆத்தா. பர்மாவுல செத்தவரு கையில இது இருந்திருக்க முடியாதுங்க."

"அப்ப அப்புச்சிது இல்லீங்களா?" என்றார் மாஸ்டர்.

அந்த அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப, கொண்டாந்து குடுத்தது ஆருங்க?"

நான் லென்ஸை மடக்கிப் பையில் போட்டேன். அவரே தொடர்ந்தார்.

"எனக்கு எட்டு ஒம்பது வயசிருக்கும். அம்மா தறிக்குப் போயிருந்தா. ஊட்ல நா மட்டுந்தான். தாடி வெச்ச ஆளு ஒருத்தரு வாசல்ல வந்து நின்னாரு. உங்கப்பன் சண்டையில செத்துட்டான், அம்மாகிட்டச் சொல்லு சாமின்னாரு. இதக் கையில குடுத்தாரு. அம்மா வர்ற வரைக்கும் இருங்கன்னேன், இருக்கலை. என்னையவே பாத்துக்கிட்டு நின்னாரு. எந்தலையத் தொட்டாரு." மகன் பக்கம் திரும்பினார். "தண்ணி கேட்டாருடா. ஆரோ அசலாளுன்னு வாசல்லயே நிக்க வெச்சுக் குடுத்தனே. உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுலியே."

"உங்கப்பாரா இருக்காதுங்க, வேற ஆராச்சும் இருக்குமுங்க ஆத்தா" என்றேன். இருக்கலாம்தான், யார் கண்டது? ஆனால் நான் சொன்னதை நானே நம்பவில்லை. மாஸ்டர் கத்தியைத் துணியில் சுற்றினார்.

கண்ணாடிப் பெட்டி செய்யவில்லை. மறுநாள் பூஜையில் கத்திக்குச் சந்தனமும் வைக்கவில்லையாம். அந்தச் சிங்கத்தைப் பார்த்ததிலிருந்து என் அலமாரியைத் திறக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. அதிலிருப்பது ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையிலிருந்து வந்ததுதானே.

பொங்கல் கழித்து ஒரு சாயங்காலம் அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். கதவு விரியத் திறந்திருந்தது. இப்போதெல்லாம் அதைச் சாத்த விடுவதில்லையாம். தண்ணீர் கேன் போட வந்த ஒடிசாப் பையன் உள்ளே நாற்காலியில் கூச்சத்தோடு உட்கார்ந்து சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

அந்த அம்மா கட்டிலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார், வேறு யாரையோ தேடுகிற மாதிரி.

"வாசல்ல நிக்காதீங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். "உள்ள வாங்க. உள்ள வந்து குடிங்க."